நூலகக் கணினியில் பிள்ளை முகநூல் பார்க்கலாமா?

வன்னியில் நான் போய்வரும் பொது நூலகம் ஒன்றில், கணினி மேசைக்கு மேலே சுவரில் ஒரு கொப்பித் தாள் ஒட்டியிருந்தது. ‘மாணவர் முகநூல், வட்ஸ்அப் பார்க்க முற்றாகத் தடை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். கையொப்பம் இல்லை, திகதி இல்லை, சபையின் முத்திரையும் இல்லை. அன்று பின்னேரம் பதினோராம் தரத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி தாயின் கைத்தொலைபேசியோடு வந்தாள். கணித ஆசிரியர் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்ட கடந்தகால வினாத்தாளைக் கணினியில் எடுத்து அச்சிட வேண்டுமாம். பணியிலிருந்தவர் பேசாமல் தாளைக் காட்டினார். பஸ் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. பிள்ளை வெளியே போய் மதிலோரம் நின்றாள்.

அந்தத் தாளுக்குப் பின்னால் என்ன சட்டம் இருக்கிறது? பொது நூலகத்தில் சிறுவர் சமூக வலைத்தளம் பார்க்கக் கூடாது என்று இலங்கையில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. வன்னியின் பொது நூலகங்களை நடத்துபவை உள்ளூராட்சி மன்றங்கள்: பெரும்பாலும் பிரதேச சபைகள், நகரங்களில் நகர சபை அல்லது மாநகர சபை. கிளிநொச்சி நகரம் என்றால் கரைச்சிப் பிரதேச சபை. நூலகத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற ஒழுங்கையும் சபைதான் வகுக்கும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி ஆக்கும் அதிகாரத்தைச் சபைக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் உபவிதி என்றால் அது அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவந்திருக்க வேண்டும். சபை தீர்மானித்து வைத்த நடைமுறை ஒழுங்குகளும் இருக்கலாம், அவற்றுக்கும் எழுத்தில் ஒரு பதிவு இருக்கும். சுவரில் ஒட்டிய கொப்பித் தாள் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த உரிமையைத் தருவது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினால் போதும். ‘நூலகக் கணினிப் பயன்பாடு தொடர்பான விதியின் பிரதியைத் தருக’ என்ற ஒரு வரியே போதுமானது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஊரில் இதைச் சண்டைக்குப் போவதுபோலப் பார்ப்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில், இப்படி ஒரு கடிதம் வந்த பிறகுதான் பல இடங்களில் விதியை ஒழுங்காக எழுதவே உட்காருகிறார்கள்.

சட்டமே இல்லை என்று நூலகர் கையை விரிக்கவும் முடியாது. 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையில் 286ஆ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கணினி மூலம் சேவை வழங்கும் எவரும், அந்த வசதி சிறுவர் மீதான பாலியல் துஷ்பிரயோகக் குற்றத்துக்குப் பயன்படாதபடி தேவையான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அப்படிப் பயன்படுவதாகத் தெரியவந்தால் உடனே பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். சந்தியில் இருக்கும் இன்டர்நெட் கடைக்கு மட்டும் எழுதப்பட்ட வாசகமல்ல இது. ஆகவே கணினித் திரை நூலகரின் மேசையிலிருந்து பார்க்கும்படி இருப்பதையும், யார் எந்த நேரம் எந்தக் கணினியில் இருந்தார் என்று பதிவேடு வைப்பதையும் பெற்றோர் குறை சொல்லக் கூடாது. பிள்ளையின் கடவுச்சொல்லைக் கேட்பதும், தோளுக்குப் பின்னால் நின்று செய்திகளை வாசிப்பதும் வேறு விடயம். எந்த நூலகரும் அதைச் செய்யத் தேவையில்லை.

அடுத்தது வயது. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், வட்ஸ்அப் எல்லாமே 13 வயதைக் குறைந்தபட்ச வயதாக வைத்திருக்கின்றன. இந்தப் பதின்மூன்று அமெரிக்காவில் 1998 இல் வந்த சிறுவர் தனியுரிமைச் சட்டத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. கணக்குத் திறக்கும்போது பிறந்த ஆண்டைக் கேட்பார்கள். நம்முடைய பிள்ளைகள் 2000 என்றோ 1999 என்றோ போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், சில வீடுகளில் அண்ணனே போட்டுக் கொடுக்கிறான். இதில் விளங்காத ஒரு நட்டம் இருக்கிறது. பதின்ம வயதினருக்கென்று இன்ஸ்டகிராம் 2024 இல் தனிக் கணக்குமுறை கொண்டுவந்தது. அதில் கணக்கு இயல்பாகவே பூட்டியிருக்கும், முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. வயதைக் கூட்டிப் போட்ட பிள்ளையை நிறுவனம் பெரியவராக எண்ணிக்கொள்ளலாம், அப்போது அந்தக் காப்பும் கிடைக்காது.

வெளிநாட்டில் தடை இருக்கிறதே என்று கூட்டங்களில் அடிக்கடி ஒரு குரல் எழும். அமெரிக்காவில் 2006 இல், அரசின் இணையக் கட்டணச் சலுகை பெறும் பள்ளிகளும் நூலகங்களும் சிறுவருக்குச் சமூக வலைத்தளங்களை மறிக்க வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபையில் 410க்கு 15 என்ற வாக்குகளில் நிறைவேறிய அது செனட் சபையைத் தாண்டவில்லை, சட்டமாகவும் இல்லை. அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர் கணக்கு வைத்திருக்க முடியாது. அங்கேயும் பொறுப்பு நிறுவனங்களின் தலையில்தான், பிள்ளைக்கோ நூலகத்துக்கோ தண்டமில்லை.

முற்றான தடை வன்னிக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். கொரோனாக் காலத்தில் வகுப்புகள் வட்ஸ்அப்புக்கு மாறின, குறிப்பும் வினாத்தாளும் இன்னும் அந்த வழியாகவே வருகின்றன. வீட்டில் கணினியோ அச்சிடும் கருவியோ இல்லாத பிள்ளைக்கு நூலகத்தை விட்டால் போக்கிடமில்லை. வட்ஸ்அப் வகுப்புக் குழுவையும் டிக்டொக் காணொளியையும் ஒரே வரியில் தடுத்தால் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளைதான். பாடத்துக்கு இவ்வளவு நேரம், மற்றதற்கு இன்ன நேரத்துக்குப் பிறகு, பதின்மூன்றுக்குக் கீழே பெற்றோரோடு என்று சபை எழுதி வைத்தால் நூலகருக்கும் தலையிடி குறையும்.

கணினியை விட்டு எழும்பும்போது பிள்ளை கணக்கிலிருந்து வெளியேறிவிட்டதா என்று பார்க்கப் பழக்குங்கள். ஒருமுறை எனக்கு முன் இருந்த யாரோ ஒரு மாணவரின் பேஸ்புக் திறந்தபடியே கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படமில்லாத ஒரு கணக்கிலிருந்து ‘தனியாகவா இருக்கிறீர்?’ என்று செய்தி வந்து விழுந்தது. நூலகரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுக் கணக்கை மூடினோம்.

இப்படி ஏதும் வந்து, பிள்ளை பயந்து உங்களிடம் சொன்னால் முதலில் ஏசாதீர்கள். அந்தச் செய்தியை அழிக்கவும் வேண்டாம். திரையைப் படம் பிடித்து, அனுப்பிய கணக்கின் பெயரையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு 1929 ஐ அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச எண், தமிழிலும் பேசலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடமும் போகலாம். நூலகக் கணினியில் நடந்ததென்றால் அன்றைய பதிவேட்டுப் பக்கத்தைப் பத்திரமாக வைக்கும்படி நூலகரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.