கம்பி தளரலாம், முனை தளரக் கூடாது

1921 டிசம்பர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்ட்ரோசன் என்ற ஊரை ஒட்டிய வயலில், மழைக்கும் குளிர்காற்றுக்கும் நடுவே ஒரு கூடாரத்தில் ராத்திரி ராத்திரியாக ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பால் காட்லி என்ற அமெரிக்கர். அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துபவர்கள், அனுப்பும் மோர்ஸ் ஒலி ஐரோப்பாவில் கேட்கிறதா என்று பார்க்கத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். டிசம்பர் 11-12 இரவில், கனெக்டிகட் மாநிலத்தின் கிரீன்விச்சிலிருந்து 1பிசிஜி என்ற நிலையம் அனுப்பிய ஒரு முழுச் செய்தியையே அவர் எழுதி எடுத்துவிட்டார். சுமார் 230 மீட்டர் அலைநீளத்தில் வந்த செய்தி அது. அந்த அலைநீளம் நெடுந்தூரத்துக்கு உதவும் என்று அன்று பலர் நம்பவில்லை.

அவரிடம் உயரமான கோபுரம் ஏதும் இல்லை. குட்டைக் கம்பங்களின் மேல் கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பிதான் அவருடைய ஆன்டெனா. ஹரால்ட் பெவரேஜ் என்ற பொறியாளர் கண்டுபிடித்து, அதே 1921-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. இன்றும் 160 மீட்டர், 80 மீட்டர் அலைநீளப் பட்டைகளில் (சுமார் 1.8, 3.5 மெகாஹெர்ட்ஸ்) தூரத்து நிலையங்களைத் தேடுபவர்கள் இடம் கிடைத்தால் முதலில் போட நினைப்பது பெவரேஜ் ஆன்டெனாதான்.

தரைக்கு 2 அல்லது 3 மீட்டர் மேலே கிடக்கும் கம்பிக்கு எப்படி அவ்வளவு தூரம் கேட்கிறது? வானொலி அலை தரையை ஒட்டி ஓடும்போது மண் அதன் ஆற்றலில் கொஞ்சத்தைத் தின்றுகொண்டே இருக்கிறது. சேற்றில் கால் மாட்டியவன் முன்பக்கம் சாய்வதுபோல, அலையும் போகும் திசையில் லேசாகச் சாய்கிறது. நேர்குத்தாக நிற்க வேண்டிய மின்புலத்தில் ஒரு சிறு பங்கு இந்தச் சாய்வால் கம்பியின் நீளவாக்கில் படிகிறது. கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் அது துளித்துளியாக மின்னோட்டத்தைத் தூண்டும். வெளியே ஓடும் அலையும் கம்பிக்குள் ஓடும் மின்னோட்டமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போவதால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசி முனைக்கு வரும்போது கணிசமாகிவிடுகின்றன. ரிசீவரை அங்கே இணைக்கிறோம்.

எதிர்த் திசையிலிருந்து வரும் அலையும் இதேபோல் சேர்ந்துகொண்டேதான் போகும், ஆனால் மறுமுனையை நோக்கி. அந்த முனையில் 450 முதல் 500 ஓம் வரையிலான ஒரு மின்தடையை வைத்து எர்த் செய்துவிட்டால், வந்ததெல்லாம் அங்கே வெப்பமாகிப் போய்விடும். மின்தடை இல்லையென்றால் அது முட்டித் திரும்பி ரிசீவருக்கே வரும். ஆக, ஒரே ஒரு திசையை மட்டும் கேட்கும் காது இது. மண் எவ்வளவு மோசமாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு நல்லது. உப்புநீருக்கு மேல் அலை அநேகமாகச் சாய்வதே இல்லை, அங்கே இந்த ஆன்டெனா எடுபடாது.

இது பிடித்துத் தரும் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. அதனால் குறையொன்றும் இல்லை. 2 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உலகெங்கும் வெட்டும் மின்னல்களின் இரைச்சல் நாலாபுறமிருந்தும் வந்து குவிகிறது. பலவீனமானதை ரிசீவர் பெருக்கிக்கொள்ளும், ஆனால் இரைச்சலோடு கலந்துவிட்ட குரலைப் பிரிக்க அதற்குத் தெரியாது. மற்ற திசைகளின் இரைச்சலைத் தள்ளிவிடுவதுதான் பெவரேஜின் பலம்.

காட்லியின் கம்பி சில நாள் நின்றால் போதுமாயிருந்தது. நம்முடையது பல வருஷம் நிற்க வேண்டும், அதுவும் மரங்களுக்கு நடுவே. இங்கேதான் பலர் சக்தியைத் தவறான இடத்தில் செலவழிக்கிறார்கள் என்பது என் எண்ணம். கம்பி கொஞ்சம் தொய்ந்தாலும், உயரம் இடத்துக்கிடம் மாறினாலும், செம்புக்குப் பதில் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) போட்டாலும் இந்த ஆன்டெனா பெரிதாகக் கண்டுகொள்ளாது. இரண்டு முனைகளில் மட்டும் பிழை பொறுக்காது.

முதலில் கம்பி. மெல்லிய செம்புக் கம்பி நீண்டு நீண்டு அறுந்துபோகும். எஃகின் மேல் செம்பு பூசிய கம்பி சிறந்தது. 1.8 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து சுமார் 0.05 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடிவிடும், உள்ளே எஃகு இருப்பது அதற்குத் தெரியாது. பண்ணை வேலிகளுக்கு விற்கும் ஜி.ஐ. கம்பியும் கேட்பதற்குத் தாராளமாகப் போதும்.

கம்பங்களில் கம்பியை இறுக்கிக் கட்டவே கூடாது. 20 மீட்டர் இடைவெளியில், 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கம்பியின் நடுவில் ஒரு கிளையோ தென்னை மட்டையோ விழுந்து அதைத் தரைவரை அழுத்தினால், சுமார் 62 சென்டிமீட்டர் கூடுதல் கம்பி தேவைப்படும். இரு பக்கமும் கட்டிப்போட்டிருந்தால் அந்த 20 மீட்டரே இதைத் தாங்க வேண்டும், அறுந்துவிடும். இன்சுலேட்டர் வளையத்துக்குள் கம்பி தாராளமாக வழுக்கி ஓடினால் பக்கத்துத் துண்டுகளிலிருந்து நீளம் வந்து சேரும், கிளையை எடுத்ததும் திரும்பிப் போகும். இதற்காக ஒரு முனையில் கப்பி வைத்து, கல் நிரப்பிய வாளியைத் தொங்கவிடுகிறார்கள். வெயிலையும் குளிரையும் அந்த வாளியே பார்த்துக்கொள்ளும். 40 டிகிரி வேறுபாட்டில் 160 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பி 11 சென்டிமீட்டர் நீளும், எஃகு 8 சென்டிமீட்டர் அளவுக்கு.

ஆனால் வாளியின் இழுவிசை மின் இணைப்பில் விழக் கூடாது. இழுவையை இன்சுலேட்டர் தாங்கட்டும். இணைப்புக்குத் தனியாகத் தளர்வான ஒரு வால் கம்பி கீழே இறங்கட்டும்.

இப்போது முனைகள். மின்தடைக்குச் சுருள்கம்பி வகை ஆகாது, அது ஒரு காயிலாகவே நடந்துகொள்ளும். மெல்லிய படலம் பூசிய வகையோ, பக்கத்தில் மின்னல் வெட்டினாலே கம்பியில் எழும் துடிப்பில் கருகிவிடும். உள்ளே முழுக்கக் கார்பன் கலவை நிரம்பிய பழைய வகை, 2 வாட் அளவில் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலப்போக்கில் அதன் மதிப்பு நகரும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை மீட்டரில் அளந்துவிட வேண்டும். அதை வைக்கும் பெட்டியை முழுக்க அடைத்தால் ராத்திரிக் குளிரில் உள்ளே வியர்த்து நீர் தேங்கும். அடியில் ஒரு சிறு துளை போடுங்கள், எறும்பு நுழையாதபடி துளைக்கு வலை ஒட்டுங்கள்.

எர்த் கம்பியில்தான் சத்தமில்லாத சேதம் நடக்கிறது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். நடுவே துருப்பிடிக்காத எஃகு வாஷர் வைப்பது நல்ல பழக்கம். கோடையில் மண் காய்ந்து எர்த் கெடும் இடங்களில், தரைமேல் சில கம்பிகளைப் பரப்பி இணைத்தால் ஆன்டெனாவின் குணம் பருவத்துக்குப் பருவம் அவ்வளவாக மாறாது. ரிசீவர் முனையில் சுற்று விகிதம் 3:1 கொண்ட ஒரு ஃபெரைட் வளைய டிரான்ஸ்ஃபார்மர் போதும், 450 ஓம் 50 ஓமாக இறங்கிவிடும். அப்புறம் ஒன்று: மின்வாரியக் கம்பிக்கு மேலோ கீழோ இதைக் கொண்டுபோகவே கூடாது.

போட்டு முடித்த அன்றே ஆன்டெனா அனலைசரை இணைத்து 1 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு எஸ்டபிள்யூஆர் படம் (அனுப்பியதில் எவ்வளவு முட்டித் திரும்புகிறது என்று காட்டும் கோடு) எடுத்துச் சேமித்துவிடுங்கள். நலமாக இருக்கும் பெவரேஜின் கோடு பெரிதாக ஏறி இறங்காமல் கிட்டத்தட்ட சமமாகப் போகும். ஒரு புயல் ராத்திரிக்குப் பிறகு அதே கோடு மேடும் பள்ளமுமாக மாறியிருந்தால் எங்கேயோ கம்பி அறுந்திருக்கிறது, அல்லது மறுமுனையில் மின்தடை போய்விட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் போவேன்.