மேக்கப்புக்குத் தமிழ் என்ன? ஒப்பனை

மேக்கப் என்றால் ஒப்பனை. அகராதியில் ஒரு வரி. ஆனால் மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் 'ஒப்பனை செய்துகொண்டு வேலைக்குப் போகிறேன்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே மேக்கப் போடுவார்கள். கொஞ்சம் கூடிப்போனால் 'அப்பியிருக்கா' என்று பின்னால் பேசுவார்கள்.

ஆங்கிலத்தில் 'மேக் அப்' ஒரு வினை. சேர்த்து உருவாக்குவது, இல்லாததைக் கட்டிச் சொல்வது என்று அதற்குப் பல பொருள் உண்டு. நடிகர்கள் வேடத்துக்கு முகத்தைத் தயார் செய்வதைக் குறிக்க 19ஆம் நூற்றாண்டில் நாடகக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் அது மேடையை விட்டிறங்கி வீட்டுக் கண்ணாடிக்கு வந்தது. ஹாலிவுட் நடிகர்களுக்குப் பூச்சுக் கலந்து கொடுத்த மேக்ஸ் ஃபேக்டர், 1920களில் 'மேக்கப்' என்ற பெயரிலேயே பொதுமக்களுக்கும் விற்றார்.

அந்த மேடை வாசனையோடு தமிழில் ஒரு சொல் உண்டு: அரிதாரம். ஆர்சனிக் கலந்த மஞ்சள் நிறக் கனிமம் அது. வடமொழி 'ஹரிதால'த்திலிருந்து வந்தது. கூத்துக்காரர்கள் முகத்தில் பூசியதால் 'அரிதாரம் பூசுவது' என்றாலே நடிப்பது என்று ஆகிவிட்டது. கிளார்க் வேலைக்குப் போகிற பெண்ணைப் பார்த்து 'அரிதாரம் பூசியிருக்கிறாள்' என்றால் அது கிண்டல்தான்.

ஒப்பனை அப்படியில்லை. அதன் வேர் 'ஒப்பு': ஒத்திருப்பது, பொருந்துவது. விற்பனையில் வருகிற அதே 'அனை' கடைசியில் ஒட்டியிருக்கிறது. இதே குடும்பத்தில் ஒப்பாரியும் இருக்கிறது. இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதும் இருக்கிறது. சிரிப்பாக இருந்தாலும் வேர் ஒன்றே.

அந்த 'ஒப்பு' எனக்கு உண்மையில் புரிந்தது சித்தி மகளின் முதல் இண்டர்வியூ அன்று. கடை டியூப்லைட்டில் பார்த்து, தன் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷனை வாங்கி வந்துவிட்டாள். வீட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. வாசலுக்கு வந்ததும் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. திண்ணையில் இருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "என்னாடி இது, முகம் ஒரு ஊரு, கழுத்து ஒரு ஊரு?"

பாட்டி சொன்னதுதான் விஷயம். அடுத்த முறை வாங்கும்போது தாடை ஓரத்தில் மூன்று நிறங்களைக் கோடு கோடாகத் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். எந்தக் கோடு காணாமல் போனதோ அதுதான் அவளுடையது. முகத்தோடு ஒத்துப்போவது, ஒப்பனை! மற்றபடி இந்தப் புழுக்கத்துக்கு அதிகம் வேண்டாம். சன்ஸ்கிரீன் காய்ந்த பிறகு ஈர ஸ்பாஞ்சால் மெல்லிசாக ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பவுடர் நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும். உதட்டுச் சாயத்தை விரலால் தொட்டு வைத்தால் போதும்.

பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்தே பூசுவது பெடாக் செஜுக். மலாய்க்காரர்களின் அரிசிப் பவுடர். ஊறவைத்து அரைத்து, துளித்துளியாக வெயிலில் காயவைப்பது. உள்ளங்கையில் நாலு துளி, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். அதை மேக்கப் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "குளிர்ச்சிக்குப் போடுறது" என்பார்.

சரி, மற்ற சாமான்களுக்குத் தமிழ்? உதட்டுச் சாயம் நன்றாகவே ஊன்றிவிட்டது. ஃபவுண்டேஷனை 'அடித்தளம்' என்று எழுதினால் எனக்கு சிமெண்டும் கம்பியும்தான் கண்ணில் வருகின்றன. 'அடிப்பூச்சு' எவ்வளவோ மேல். வினைகளையும் கவனிக்க வேண்டும். பொட்டு வைக்கிறோம், மஞ்சள் பூசுகிறோம், மேக்கப் போடுகிறோம். ஒப்பனை மட்டும் செய்கிறோம். 'ஒப்பனை போட்டேன்' என்றால் காதில் இடிக்கிறது.

கண்ணுக்கு மையை அந்தக் காலத்தில் எழுதினார்கள். மை எழுதும்போது கண்ணுக்குக் கோல் தெரியாது என்று குறள் 1285இல் தலைவி சொல்கிறாள். ஐலைனர் எழுதும்போது சித்தி மகள் வாயைப் பிளந்து வைத்திருப்பாளே, அதற்குத்தான் தமிழில் இன்னும் சொல் கிடைக்கவில்லை.