நம் கண்மாயில் பீட் ஏன் சேர்வதில்லை?

கானாடுகாத்தான் வாசகர் ஒருவர், அயர்லாந்தில் மகள் வீட்டுக்குப் போனபோது கிளாரா என்ற ஊரின் பீட் சதுப்பு நிலத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பீட் என்பது முழுதும் மக்காத செடிகள் அடுக்கடுக்காகப் படிந்து உண்டாகும் கரிய மண். "பலகைப் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள். நம் கண்மாயிலும்தான் கோரையும் அல்லியும் அழுகுகின்றன. அங்கே மட்டும் அவை எப்படி மீட்டர் கணக்கில் அடுக்காகச் சேர்கின்றன?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அருமையான கேள்வி.

நீர் தேங்கினால் ஆக்சிஜன் குறையும், மக்குவதும் மெதுவாகும். இது பள்ளியில் படித்ததுதான். மீதிக் காரியத்தைச் செய்வது ஸ்பாக்னம் என்னும் பாசி. அதன் ஓர் இலையை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். குறுகிய பச்சைச் செல்கள் வலையாகப் பின்னியிருக்கும். வலைக்கண்களில் பெரிய, நிறமற்ற செல்கள். அவை இறந்தவை; உள்ளே ஒன்றுமில்லை, சுவரில் துளைகள் மட்டும். சாவதற்காகவே வளர்ந்த அந்த வெற்றறைகளில்தான் மழைநீர் புகுந்து நிற்கிறது. காய்ந்த பாசி தன் எடையைப் போல் 20 மடங்கு நீரை ஏந்தும். அதற்கு வேர் கிடையாது. மழைநீரில் இருக்கும் சொற்பக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் செல்சுவரே பற்றிக்கொண்டு, பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. சுற்றியுள்ள நீர் புளிக்கிறது, அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. அந்தப் புளிப்பில் பாக்டீரியா திணறும், போட்டிச் செடிகளும் தலையெடுக்காது. தனக்கு வேண்டிய நிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம் எனக்கு அலுப்பதே இல்லை.

இப்படி ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் பீட் சேர்கிறது. அதில் புதைந்த உடலும் எளிதில் மக்காது. 1950-இல் டென்மார்க்கில் பீட் வெட்டியவர்கள் கண்டெடுத்த, 'டோலண்ட் மனிதன்' எனப்படும் சடலத்துக்கு உரியவர் இறந்து 2,300 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. தோல் பதனிட்டதுபோல் கறுத்திருந்தது; முகவாயில் தாடிமயிர்கூடத் தெரிந்தது.

மிதிபட்ட பாசி தேற வருடங்கள் ஆகும், அதற்காகத்தான் பலகை. அதில் நின்றபடி குனிந்தால், டிரோசீரா என்னும் பூச்சியுண்ணும் செடியின் இலையில் சிவந்த மயிர்நுனிகளில் பசைத்துளிகள் மின்னும். மண்ணில் கிடைக்காத நைட்ரஜனை அது பூச்சியிடமிருந்து எடுக்கிறது. குளிர்காலத்தில் நம் ஊர்ச் சேற்றில் நீண்ட அலகால் துழாவும் உள்ளானின் இனம் அங்கே குஞ்சு பொரிக்கிறது. ஆண் பறவை பாய்ந்து இறங்கும்போது வால் இறகுகள் அதிர்ந்து ஒலி எழுப்பும்.

நம் கண்மாயோ கோடையில் வற்றி, பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பு வழியே காற்று இறங்க, நுண்ணுயிரிகள் மக்கைத் தின்று தீர்க்கின்றன. மிஞ்சும் வண்டலை நாம் வயலுக்கு அடிக்கிறோம்.

நீலகிரிப் பள்ளத்தாக்குகளில் குளிரும் ஈரமும் நிலைப்பதால் பீட் உண்டு. அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை (எடை மாறுபட்ட கார்பன் அணு வகைகளை) கொண்டு, கடந்த 20,000 ஆண்டுகளில் மழை கூடியதையும் குறைந்ததையும் சூழலியல் அறிஞர் ஆர். சுகுமார் குழுவினர் 1993-இல் கணித்துக் காட்டினார்கள். பருவமழையின் பழங்கணக்கு பஸ் ஏறிப் போகும் தூரத்தில் கிடக்கிறது. அதைத் துளையிட்டுப் படிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும். அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். வடிகால் வெட்டிக் காய்கறி போட்ட இடங்களில் அந்தப் பீட்டும் காற்றுப்பட்டு, கண்மாய்ச் சேற்றைப் போலவே மக்கிக்கொண்டிருக்கிறது.