பல் பிரிவில் "இன்னைக்கு இல்லை" என்றால், எது இல்லை என்று கேளுங்கள்

"அங்கே போனா பிடுங்கித்தான் விடுவாவ." நெல்லைச் சீமையில் அரசு ஆஸ்பத்திரிப் பல் பிரிவைப் பற்றிய பேச்சு இதுதான். இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பேச்சு, "மருந்து இல்லை, அடுத்த வாரம் வான்னுட்டாவ." களக்காட்டிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறி வந்தவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த "இல்லை"க்குள் பல "இல்லை"கள் உண்டு. மரக்க வைக்கும் ஊசி மருந்து தீர்ந்திருக்கலாம், கருவி ஆவியில் வெந்து கிருமி நீங்காமல் கிடக்கலாம், காற்று இயந்திரம் நின்றிருக்கலாம், சிமென்ட் உறைந்துபோயிருக்கலாம். எது இல்லை என்பதைப் பொறுத்து நீங்கள் அடுத்துச் செய்ய வேண்டியது மாறும்.

முதலில், ஏன் பிடுங்கியே அனுப்புகிறார்கள் என்பது. பல் பிடுங்க ஊசி மருந்து, சிரிஞ்ச், பல்லை நெம்பும் எலிவேட்டர், அந்தப் பல்லுக்குரிய ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி, கொஞ்சம் காஸ் துணி போதும். கரண்ட் போனாலும் ஜன்னல் வெளிச்சத்தில் முடித்துவிடலாம். சொத்தையை அடைப்பது அப்படியல்ல. நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஏரோட்டர் என்ற துளைக்கருவி வேண்டும். அதைச் சுழற்ற கம்ப்ரெசர் என்ற காற்று இயந்திரம் வேண்டும். பல் சூடாகி உள்ளே நரம்பு சாகாமல் இருக்க அதன் முனையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். இதில் ஒன்று நின்றாலும் அடைப்பு நின்றுவிடும். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு மெல்லிய குழாயில் படிந்து அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ஆட்டோகிளேவில் (கருவிகளை ஆவியில் வேக வைத்துக் கிருமி நீக்கும் பெட்டியில்) வைக்குமுன் ஏரோட்டருக்கு எண்ணெய் விடாவிட்டால் உள்ளே இருக்கும் பேரிங் தேய்ந்து, சுழலும்போது கரகரவென்று சத்தம் வந்து, கடைசியில் நின்றுபோகும். பேரிங்கோடு மாற்ற வேண்டிய கார்ட்ரிட்ஜ் என்ற உள்பாகம் விரல்நுனி அளவுதான். அதற்குக் கடிதம் எழுதி, ஆள் வந்து பார்த்து, சாமான் வந்து சேர்வதற்குள் அடைக்க வேண்டிய எத்தனையோ பற்கள் பிடுங்க வேண்டிய பற்களாகிவிடும்.

ஏரோட்டர் ஓடாத நாளிலும் ஒரு வழி இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் குறைவு, சில இடங்களில் சொல்பவர்களும் குறைவு. ஸ்பூன் எக்ஸ்கவேட்டர் என்ற சிறு கரண்டியால் மெத்தென்று போன சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, குழியில் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டை அழுத்தி வைப்பது. மின்சாரமே இல்லாத கிராமங்களுக்காக 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவான முறை இது. அந்தச் சிமென்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொத்தை சிறியதாக இருந்து, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி இன்னும் வராமல் இருந்தால், "கையால சுரண்டி சிமென்ட் வைக்க முடியுமா, டாக்டர்?" என்று கேளுங்கள். குழந்தைகளின் பற்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். வைத்தபின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, அன்று முழுக்க அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது. இந்தச் சிமென்ட் பொடியும் திரவமுமாக வரும். பொடி பாட்டில் திறந்தே கிடந்தால் ஈரம் கோத்துக் கட்டிபடும்; பல இடங்களில் பொடி பாதி இருக்கும்போதே திரவம் தீர்ந்துவிடும். "சிமென்ட் இருக்கு, ஆனா வைக்க முடியாது" என்று சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

ஊசி மருந்துக்கு வருவோம். பல்லுக்குப் போடுவது அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெய்ன். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 2 மில்லி போகும். 30 மில்லி குப்பி பதினைந்து பேரைத் தாண்டாது. கூட்டம் உள்ள நாளில் பதினோரு மணிக்கே குப்பி காலி. மற்ற வார்டுகளில் அட்ரினலின் இல்லாத லிக்னோகெய்ன் கிடைக்குமே, அதைப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. போடலாம். ஆனால் பல்லின் மரப்பு பத்து நிமிடம்கூட நிற்காது, ரத்தமும் கூடுதலாக வரும். ஆடாத கடைவாய்ப் பல்லில் பாதி வேலையில் மரப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மருந்தோடு பிடுங்க மறுக்கும் மருத்துவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். குப்பியில் மருந்து பழுப்பு நிறமாகத் தெரிந்தால் வெயிலிலும் வெளிச்சத்திலும் கிடந்து அட்ரினலின் கெட்டுவிட்டது என்று பொருள். அதைப் போடக் கூடாது. கோடை வெக்கையில் குளிர்பெட்டி ஓடாத அறையில் இது நடக்கக் கூடியதே.

கருவி விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 முதல் 20 நிமிடம். சூடேறவும் காயவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். எட்டு செட்டு கருவி இருந்தால் எட்டுப் பேர், அப்புறம் அடுத்த சுற்று வரைக்கும் பெஞ்சுதான். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து ஆவி கசிந்தால் அந்தச் சுற்று செல்லாது. வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்தால் போதாதா என்றால், போதாது. 100 டிகிரியில் எல்லாக் கிருமி வித்துகளும் சாகாது. கருவிப் பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் டேப்பில் கோடுகள் கறுத்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். கறுக்காவிட்டால் அந்தக் கருவி ஆட்டோகிளேவில் சரியாக வேகவில்லை. உங்களுக்கு முன்னால் இருந்தவரின் வாயிலிருந்து எடுத்த கருவியைக் கழுவி வருவதைக் கண்டால் வாயைத் திறக்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.

எக்ஸ்ரே ஃபிலிம் இல்லை, ரூட் கெனால் (வேர் சிகிச்சை) சாமான் இல்லை என்றால் பேசிப் பயனில்லை. அந்த ஒரு பல்லுக்கான சிறிய படமா, முழுத் தாடைப் படமா என்று ஓ.பி. சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே எடுங்கள். தெரியாமல் பெரிய படம் எடுத்துச் செலவு செய்பவர்கள் அதிகம். வேர் சிகிச்சை வேண்டுமென்றால், காவல்கிணறு பக்கம் இருப்பதுபோன்ற தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நேரம் பிடிக்கும், நாலைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும்.

"மாத்திரை தாரேன், வீக்கம் வத்தட்டும், அப்புறம் வா" என்பதையும் தட்டிக்கழிப்பு என்று நினைக்கிறார்கள். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மையோடு இருப்பதால் மரப்பு மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது என்பது உண்மை. ஆனால் மாத்திரை பல்லுக்குள் இருக்கும் சீழின் மூலத்தைத் தொடாது. மூன்று நாளில் வலி நின்றால் நரம்பு செத்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள். குணமாகிவிட்டது என்று அங்கேயே விட்டவர்தான் சில மாதம் கழித்துக் கன்னம் வீங்கி வருகிறார். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி மறுபடி அமாக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை வாங்கித் தின்ன வேண்டாம். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைத்தால் ஈறு வெந்து வெளுக்கும். கண்டங்கத்திரி விதைப் புகை போட்டுப் "புழு எடுப்பது" வாயைச் சுடுமே தவிர, சொத்தையில் எடுப்பதற்குப் புழு ஏதும் கிடையாது. வீங்கிய கன்னத்தில் வெளியே சூட்டு ஒத்தடம் கொடுத்தால் சீழ் தோல் பக்கம் திரும்பி, உடைந்து, தழும்போடு நிற்கலாம்.

இனி சொல்வதற்கு மட்டும் "அடுத்த வாரம்" என்ற பேச்சே கிடையாது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கல் மாதிரி வீக்கம், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, வாயில் இரண்டு விரல் நுழையாத அளவுக்கு இறுகுவது, வீக்கம் கண் வரை ஏறுவது, இதோடு காய்ச்சல். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழல் அடைபட மணிக்கணக்குதான் ஆகும். பல் பிரிவு பூட்டியிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், நேரே கேஷுவாலிட்டிக்குப் போங்கள். அங்கே வசதி இல்லையென்றால் 108இல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். படுக்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு வரும். சர்க்கரை உள்ளவர் என்றால் இன்னும் சீக்கிரம்.

திருப்பி அனுப்பப்படுவதில் ஒரு பங்கு நம் கையிலும் இருக்கிறது. ரத்த அழுத்தம் 180/110ஐத் தாண்டினால் அன்று பிடுங்க மாட்டார்கள். பல் பிடுங்கப் போகிறோம் என்று பலர் வெறும் வயிற்றோடு, பிரஷர் மாத்திரையும் போடாமல் வருகிறார்கள். அது மயக்கத்தில்தான் முடியும். சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாங்கும் நோட்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஆஸ்பிரின், குளோபிடோகிரலைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் பொருள் இல்லையென்றால், நாற்காலியில் இருக்கும் மருத்துவரிடம் சண்டை போட்டுப் பலனில்லை. அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து வருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், அதில் ஒதுக்கிய தொகைக்குள் எடுக்க வேண்டும். காய்ச்சல் மருந்தும் குளுக்கோஸும் முந்திக்கொள்ள, பல் பிரிவின் சிறு சிறு சாமான்கள் பின்தங்கும். உள்ளூரில் வாங்கவும் ஆஸ்பத்திரிக்கு ஒரு சிறு தொகை உண்டு, நோயாளர் நலச் சங்கமும் உண்டு. இரண்டையும் அசைக்க வேண்டியவர் தலைமை மருத்துவ அலுவலர். அவரிடமோ, சுகாதார உதவி எண் 104இலோ, முதல்வரின் உதவி எண் 1100இலோ சொல்லும்போது "ஆஸ்பத்திரி சரியில்லை" என்று சொன்னால் அது காற்றில் போகும். "இன்ன தேதி, இன்ன ஓ.பி. எண், அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்" என்றால் ஒரு அதிகாரி ஸ்டோரைக் கூப்பிட்டுக் கேட்டே ஆக வேண்டும்.

பிடுங்கியாகிவிட்டது என்றால்: காஸைக் கடித்தபடி அரை மணி முதல் முக்கால் மணி நேரம், துப்பவே கூடாது. மறுநாள் முதல் ஒரு டம்ளர் இளஞ்சூட்டு நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு மெதுவாகக் கொப்பளியுங்கள். பீடி குடிப்பவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் குழியின் ரத்தக் கட்டி கரைந்து, காது வரை தெறிக்கும் வலி வருவது அதிகம். மூன்று நாளாவது பீடியை விட்டிருங்கள். அந்த வலி வந்தால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல் அதே பல் பிரிவுக்குத் திரும்பிப் போங்கள். குழியைச் சலைனில் கழுவி, யூஜினால் தைலம் நனைத்த காஸை வைத்துவிட்டால் பெரும்பாலும் அன்றே வலி அடங்கும். அதற்கு ஏரோட்டர் வேண்டாம், கம்ப்ரெசர் வேண்டாம். "இன்னைக்கு இல்லை" என்றால் எது இல்லை என்று கேட்டு நில்லுங்கள்.