மேலே மெல்லிய கம்பி, கீழே தடித்த கேபிள்

எங்கள் தெருமுனையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். சற்றுத் தள்ளி நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே உயரழுத்த லைனிலிருந்து, மின்சாரம் தொட்டிக்குத் தாவாமல் தடுக்கும் பீங்கானுக்கு இறங்கும் மூன்று கம்பிகளும் பென்சில் தடிமன்தான் இருக்கும். தொட்டியிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்கு இறங்கும் கேபிள்களோ கட்டைவிரல் தடிமன். பீங்கானையும் கவனியுங்கள். உயரழுத்தப் பக்கம் உயரமாக, அடுக்கடுக்காக இருக்கும். வீடுகளுக்குப் போகும் பக்கம் குட்டையாக இருக்கும். உள்ளே போகிற மின்சாரம்தானே வெளியே வருகிறது, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

தொட்டியின் மேல் 100 கே.வி.ஏ. (அது தாங்கும் லோடின் அளவு) என்று எழுதியிருந்தால் கணக்கு எளிது. மேலே வருவது 11,000 வோல்ட். ஒரு கம்பியில் முழு லோடிலும் 5 ஆம்பியருக்குச் சற்று அதிகம்தான் ஓடும். வெளியே போவது கம்பிக்குக் கம்பி 433 வோல்ட்; ஒவ்வொரு கேபிளிலும் சுமார் 133 ஆம்பியர். வோல்டேஜ் எத்தனை மடங்கு இறங்கியதோ, ஆம்பியர் அத்தனை மடங்கு ஏறிவிட்டது. ஆற்றல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கம்பியின் தடிமனைத் தீர்மானிப்பது ஆம்பியர், பீங்கானின் உயரத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ்.

சரி, வீட்டுக்குத் தேவை 230 வோல்ட் என்றால் அதையே தயாரித்து அனுப்பலாமே? அங்கேதான் சிக்கல். கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியரைப் பத்தில் ஒன்றாக்கினால் இழப்பு நூறில் ஒன்றாகிவிடும். கூடங்குளத்தில் ஓர் உலையின் ஜெனரேட்டர் 24,000 வோல்ட்டில் 1,000 மெகாவாட் தருகிறது. அதை அங்கேயே 4 லட்சம் வோல்ட்டாக ஏற்றித்தான் வெளியே அனுப்புகிறார்கள். அப்போது ஒரு பேஸுக்கு, அதாவது மூன்று கம்பிகளில் ஒன்றுக்கு, சுமார் 1,450 ஆம்பியர். அதே மின்சாரத்தை 433 வோல்ட்டில் அனுப்பினால் 13 லட்சம் ஆம்பியருக்கு மேல் ஆகும். அதைத் தாங்கும் கம்பியை எந்தக் கோபுரமும் சுமக்காது. எடிசன் 1882இல் நியூயார்க்கில் 110 வோல்ட் நேர்திசை மின்சாரம் (டி.சி.) கொடுத்தபோது, சுமார் ஒரு மைல் தூரத்தைத் தாண்ட முடியாமல் போனது இதனால்தான்.

ஏற்றுவதும் இறக்குவதும் எப்படி? தொட்டிக்குள் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஓர் இரும்பு உள்ளகம், அதன் மேல் ஒவ்வொரு பேஸுக்கும் இரண்டு காயில்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு காயில்களுக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லை. 1831இல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இப்படி இரண்டு காயில்களைச் சுற்றி, ஒன்றை பேட்டரியோடு இணைத்தார். இணைத்த அந்தக் கணம், மற்ற காயிலின் கம்பிக்கு அருகே இருந்த காந்த முள் துடித்தது. பிறகு அடங்கிவிட்டது. பேட்டரியைத் துண்டித்தபோது எதிர்த்திசையில் துடித்தது. காந்தம் இருந்தால் மட்டும் போதாது, அது மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அந்த முள் காட்டியது. நமக்கு வரும் மாறுதிசை மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குவதால், இரும்பில் காந்தப்புலமும் ஓயாமல் மாறுகிறது. இரண்டாவது காயிலில் ஓயாமல் மின்னழுத்தம் பிறக்கிறது. காயிலில் சுற்றிய ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு வோல்ட் என்று கணக்கு. நம் தெரு ட்ரான்ஸ்ஃபார்மரில் உயரழுத்தக் காயிலுக்கு 44 சுற்று என்றால் மற்றதற்கு 1 சுற்று. 11,000 வோல்ட் 250 ஆகிறது. மூன்று பேஸ் சேரும்போது கம்பிக்குக் கம்பி 433. வீட்டுக்குப் போவது ஒரு பேஸ் மட்டும்; அந்த 250 வழியில் சற்றுக் குறைந்து 230 அளவில் வந்து சேரும்.

பக்கத்தில் நின்றால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும். காந்தமாகும்போது இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீண்டு சுருங்குகிறது. மின்சாரம் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் காந்தம் இருமுறை உச்சம் தொடுவதால் விநாடிக்கு 100 அதிர்வு. அந்த இரும்பும் ஒரே கட்டியாக இருக்காது. கட்டியாக இருந்தால் அதற்குள்ளேயே மின்சாரம் சுழன்று, உள்ளகம் அடுப்பாகிவிடும். அதனால் அரை மில்லிமீட்டரைவிட மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை, ஒன்றோடொன்று மின்தொடர்பு இல்லாமல் அடுக்குகிறார்கள்.

மேலே மூன்று கம்பி, கீழே நான்கு. நான்காவது நியூட்ரல். மூன்று பேஸுக்கும் வெளியே அனுப்பும் மூன்று காயில்களின் ஒரு முனையை ஒன்றாக முடிந்து பூமியில் இறக்கிய இடம் அது. இந்த ஒரு கம்பி வழியில் அறுந்தால், லோடு குறைவான பேஸில் இருக்கும் வீடுகளுக்கு 230க்குப் பதிலாக 300, 350 வோல்ட்கூடப் போகலாம். ஒரே ராத்திரியில் தெருவில் பல வீட்டு டி.வி. புகைந்தது என்று கேள்விப்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தொட்டி நிறைய எண்ணெய். காயிலைக் குளிர்விப்பதும் அதுவே, மின்சாரம் தாவாமல் காப்பதும் அதுவே. பகலில் எண்ணெய் சூடாகி விரியும். இரவில் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடுகிறது என்று சொன்னால் மிகையில்லை. அந்தக் காற்றில் இருக்கும் ஈரம் எண்ணெய்க்கு எமன். அதற்காகத்தான் பக்கத்தில் ஒரு சின்னக் குடுவையில் சிலிக்கா ஜெல் வைத்திருப்பார்கள். காய்ந்திருக்கும் வரை நீலம்; ஈரம் குடித்துக் குடித்து இளஞ்சிவப்பாகும். பல இடங்களில் மாதக்கணக்கில் இளஞ்சிவப்பாகவே கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. கைப்பிடி ஜெல்லை மாற்றாமல் விட்டால் போவது லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரம்.

ஓவர்லோடு செய்வதும் அதே கெடுதல்தான். காயிலைச் சுற்றியிருப்பது காகிதம். முழுச் சூட்டில் ஓடும்போது, மேலும் 6 டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். முன்பெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் லோடு இறங்கும், எண்ணெய் ஆறும். இப்போது மே மாதத்தில் தெருவின் ஏ.சி.க்கள் எல்லாம் ஓட ஆரம்பிப்பதே அந்த நேரத்தில்தான். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த தொட்டி, விடியும் வரை ஆறுவதே இல்லை.