கல் தூக்கிய கப்பியும் கணக்கு எழுதிய ஏடும்

தென்கொரியத் தலைநகர் சோலுக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கிறது சுவோன் நகரம். அதன் நடுப்பகுதியைச் சுற்றி 5.7 கி.மீ. நீளத்துக்கு மலையேறி இறங்கி வளைந்து போகிறது ஹ்வாசொங் கோட்டை மதில். பத்து வருட வேலை என்றுதான் முதலில் கணக்குப் போட்டார்கள். 1794-ல் தொடங்கி 1796-லேயே முடித்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் பின்னால் ஓர் அரிசிப் பெட்டி இருக்கிறது. 1762-ல் கொரியாவை ஆண்ட யோங்ஜோ மன்னர் தன் மகன் சாதோவை அதற்குள் அடைத்துப் பூட்டினார். எட்டாம் நாள் இளவரசர் இறந்துபோனார். சாதோவின் மகன் ஜொங்ஜோ வளர்ந்து மன்னரானதும், 1789-ல் அப்பாவின் கல்லறையை ஹ்வாசன் மலைக்கு மாற்றினார். அந்த மலையடியில்தான் பழைய சுவோன் ஊர் இருந்தது. குடியிருந்தவர்களுக்கு இழப்பீடு கொடுத்து, பால்தல்சன் மலையடியில் புது ஊர் அமைத்தார். அதற்கான மதில்தான் ஹ்வாசொங். கோடு போட்ட இடத்தில் வீடுகள் குறுக்கே வந்தபோது, வீட்டை இடிக்காதே, மதிலை வளை என்று உத்தரவிட்டார்.

கோட்டையை வடிவமைக்கும் பொறுப்பு ஜொங் யாக் யோங் என்ற இளம் அறிஞரிடம் வந்தது. (சாதோ இறந்த அதே 1762-ல் பிறந்தவர் இவர்.) மேலைநாட்டு இயந்திரங்களைப் பற்றிச் சீன மொழியில் வந்திருந்த நூலொன்றை மன்னர் அவருக்குக் கொடுத்தனுப்பினார். அதைப் படித்து அவர் உருவாக்கியதுதான் 'கொஜுங்கி' என்ற பாரந்தூக்கி.

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கப்பி இழுக்கும் திசையை மட்டும்தான் மாற்றும், பாரத்தைக் குறைக்காது. கப்பியே பாரத்தோடு சேர்ந்து மேலே ஏறினால் கதை வேறு. அப்போது கயிற்றின் இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதியாகப் பாரத்தைத் தாங்கும். கொஜுங்கியில் மேலே நான்கு கப்பி, கீழே கல்லோடு ஏறும் நான்கு கப்பி. ஆக எட்டுக் கயிற்றுத் துண்டுகள் கல்லைப் பங்குபோட்டுத் தாங்குகின்றன. 7.2 டன் கல்லை 30 பேர் தூக்கலாம் என்பது அன்றைய கணக்கு. எட்டால் வகுத்தால் ஒரு கயிற்றுத் துண்டுக்கு 900 கிலோ. உராய்வு கொஞ்சம் தின்றுவிடும்தான். ஆனால் இரு பக்கமும் கைப்பிடி வைத்துச் சுற்றும் உருளைகள் அதை ஈடுகட்டின. இதில் இலவசம் எதுவும் இல்லை: கல் ஒரு மீட்டர் உயர எட்டு மீட்டர் கயிற்றை இழுத்தாக வேண்டும்.

கொரியாவில் இந்தக் கோட்டை என்றாலே கொஜுங்கியைத்தான் சொல்வார்கள். ஆனால் கட்டுமானக் கணக்கேட்டைப் புரட்டினால், கொஜுங்கி மொத்தமே ஒன்றுதான்! புதுவகை வண்டிகள் 11. ஒற்றைத் தூக்கியால் மதில் முழுக்க எழும்பியிருக்க முடியாது. வேகத்துக்குப் பெரிய காரணம் கூலி என்பது என் கணிப்பு. பழைய நாளில் இப்படிப்பட்ட வேலைக்கு ஊர் மக்களைச் சம்பளமில்லாமல் பிடித்து வந்து வேலை வாங்குவது வழக்கம். இங்கே ஆட்களுக்குக் காசு கொடுத்தார்கள். கொத்தன், தச்சன், கொல்லன் ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊர், எத்தனை நாள் வேலை செய்தார் என்பதும் அரைநாள் வரை கணக்காக எழுதப்பட்டிருக்கிறது. கல்லுக்கும் வெகுதூரம் போகவில்லை. பக்கத்து சுக்ஜிசன் போன்ற மலைகளிலேயே வெட்டினார்கள். பாறையில் ஆப்பு இறக்கிய குழிகளை இன்றும் பார்க்கலாம்.

அந்தக் கணக்கேடு 1801-ல் அச்சானது. முந்தைய வருடமே ஜொங்ஜோ இறந்துவிட்டார். கட்டடங்களின் படம், தூக்கியின் ஒவ்வொரு உறுப்பின் படம், வாங்கிய பொருள், கொடுத்த விலை எல்லாம் அதில் உண்டு. அப்புறம் 1950-ல் மூண்ட கொரியப் போரில் வடக்கு வாசலான ஜங்கன்முன்னின் மாடம் அழிந்தது, மதிலும் பல இடங்களில் சிதைந்தது. 1975-ல் சீரமைப்பு தொடங்கியபோது, சீரமைத்தவர்கள் விரித்து வைத்துப் பார்த்தது இந்த ஏட்டைத்தான். 1997-ல் ஹ்வாசொங் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பத்து வருடம் கழித்து, 2007-ல், அன்று கொரியாவை ஆண்ட ஜோசொன் அரசின் இத்தகைய ஏடுகளையும் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.