சொல் விளக்கம்: மீள்வோர் துணை

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையின் பின்விறாந்தையில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். எல்லோரும் வளர்ந்தவர்கள். எல்லோரும் மனநோய்க்கு மருந்து எடுத்தவர்கள் அல்லது இன்னும் எடுத்துக்கொண்டிருப்பவர்கள். மருத்துவர் யாரும் வருவதில்லை, சொற்பொழிவும் கிடையாது. வாங்குகளை இழுத்துப் போட்டு, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு கதைப்பார்கள். கதவைத் திறப்பவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தச்சுத் தொழிலாளி. அவருக்கு நோய் வந்தது இருபதுகளில். இந்தக் கூடலுக்கு ஓர் அறிவித்தல் எழுதித் தரும்படி அவர்தான் என்னிடம் கேட்டார். ஒரே துன்பத்தைப் பட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்குவதை ஆங்கிலத்தில் ‘பியர் சப்போர்ட்’ என்று சொல்கிறார்களே, அதைத் தமிழில் எழுத வேண்டும், அவ்வளவுதான் என்றார். அரை மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று வாரம் எடுத்தது.

ஒலியை அப்படியே எழுதிவிடலாம் என்ற யோசனை முதல் நாளே கைவிடப்பட்டது. தமிழில் பகரத்துக்கு ஓர் எழுத்துத்தான். ‘பியர்’ என்று எழுதினால் போத்தலில் வருகிற பியரும் அதுவே. குடியால் உடைந்த வீடுகள் எங்கள் பக்கத்தில் குறைவில்லை. மருந்தோடு குடி சேரக் கூடாது என்று மகனை நாள்தோறும் மன்றாடும் ஒரு தாய் அந்த அறிவித்தலை வாசித்தால் என்ன நினைப்பார்?

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் ‘பார்’. நிகர், சமம் என்பது பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சோடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான்: நிகரான இரண்டு சேர்ந்தால் சோடி. 1215 இல் இங்கிலாந்து மன்னன் ஜோன் முத்திரையிட்ட மக்னா கார்ட்டா சாசனம், சுதந்திர மனிதன் ஒருவனை அவனுக்கு நிகரானவர்களின் தீர்ப்பின்படியோ நாட்டின் சட்டப்படியோ அன்றிச் சிறையிடலாகாது என்கிறது. பிரபுக்கள் சபையில் இருப்பவர்களுக்கும் இதே பெயர் ஏற்பட்டது. தமக்குள் ஒருவருக்கொருவர் நிகரானவர்கள் என்ற கணக்கில் வந்த பெயர் அது. ‘சப்போர்ட்’ என்பதும் இலத்தீன்தான். கீழே நின்று சுமப்பது என்பது அதன் உடைபொருள். ஆகவே இரண்டு சொற்களையும் சேர்த்துப் பார்த்தால், நிகரான ஒருவர் கீழே தோள் கொடுத்துத் தாங்குகிறார். மேலேயிருந்து நீளும் கைக்கு இதில் இடமில்லை. தமிழ்ச் சொல் எதுவானாலும் இந்த நிகர்மையை இழந்துவிடக் கூடாது என்பதை அன்றே குறித்து வைத்துக்கொண்டேன்.

செயல், சொல்லை விடப் பழையது. பாரிசுக்கு அருகே பிசேத்ர் என்னும் இடத்தில் இருந்த மருத்துவமனையில் ழான் பத்தீஸ்த் புசேன் என்று ஒருவர் இருந்தார். கண்டமாலை நோய்க்காக அங்கே போனவர், சுகமடைந்த பின் அங்கேயே வேலைக்கு நின்று, மனநோயாளர் பகுதியின் பொறுப்பாளரானார். குணமாகி வந்த நோயாளரையே பணியாளராக வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அவர்கள் அடிக்க மாட்டார்கள், அவமதிக்க மாட்டார்கள் என்பதைக் கண்டிருந்தார். 1793 இல் அங்கே பொறுப்பேற்ற மருத்துவர் பிலிப் பினேல் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். நோயாளரின் சங்கிலியை அவிழ்த்த பெருமையை உலகம் பினேலுக்குக் கொடுத்துவிட்டது. பிசேத்ரில் 1797 இல் அவிழ்த்தவர் புசேன். அதற்குப் பிறகு 1935 இல் அமெரிக்காவில் குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1970களில் மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்தவர்கள் தங்கள் உரிமைக்காகத் தாங்களே கூடினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே வழிகாட்டி நூல்கள் வெளியிட்டிருக்கிறது. ஆனால் இதன் உள்ளியல்பை நான் விளங்கிக்கொண்டது நூலில் அன்று.

என் உறவினர் ஒருவரோடு மாதாந்தக் கிளினிக்குக்குப் போய்வந்த காலம் அது. காலை ஆறரைக்கே இலக்கம் எடுத்துவிட்டு, மடியில் கிளினிக் கொப்பியோடு வாங்கில் காத்திருப்போம். ஒரு நாள் பக்கத்தில் இருந்த ஒரு வயதானவர் என் உறவினரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “தம்பி, உமக்கும் கை நடுங்குகிறதோ?” இவர் கையைக் கொப்பிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். பெரியவர் தன் கையை நீட்டிக் காட்டினார். அதுவும் நடுங்கியது. “இதை டொக்டரிடம் சொல்லும். நான் வெட்கப்பட்டு இரண்டு வருசம் சொல்லாமல் இருந்துவிட்டேன். சொன்ன பிறகு அளவைக் குறைத்து, நடுக்கத்துக்கு வேறு குளிசையும் தந்தார்கள். இப்போது தேத்தண்ணீர்க் கோப்பையைச் சிந்தாமல் பிடிக்கிறேன்.” அன்று உள்ளே போனவுடன் என் உறவினர் சொன்ன முதல் விடயம் கை நடுக்கம்தான். அதற்கு முன் எட்டு மாதம் நான் பக்கத்திலேயே இருந்தேன். என்னிடம் அவர் அதைச் சொல்லவில்லை.

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் முன்னோர் சொன்னதன் மறுபக்கம் இது. தனக்கு வந்தவனுக்குத் தெரிகிறது, தெரிந்தவனிடம் சொல்லலாம். அந்தப் பெரியவர் மருந்தை நிறுத்து என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். மருத்துவரிடம் சொல் என்றார். இந்தத் துணை மருத்துவத்துக்கு மாற்றாக நிற்பதில்லை. உயிராபத்தான பேச்சு வந்தால் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் உரியவரிடம் கொண்டுபோவதும், மற்றபடி கேட்டதை ஊருக்குள் கொண்டுபோகாமல் இருப்பதும் இதன் இரண்டு கட்டுகள்.

இனிச் சொல்லுக்கு வருவோம்.

இலங்கையில் கல்வித்துறை பழக்கிய சொல் ‘சகபாடி’. சகபாடிக் குழு என்று ஆசிரியர்கள் எழுதுவார்கள். சக என்றால் கூட. பாடி என்றால் படிப்பவர். கூடப் படித்தவர் என்பது நேர்ப்பொருள். எனக்கு இந்தச் சொல் பிடிக்கும், ஒரே பாடத்தை ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் என்பதால். முதலில் ‘சகபாடி ஆதரவுக் குழு’ என்றே எழுதி அறிவித்தலை ஒட்டினேன். இரண்டு நாளில் ஒரு பெரியவர் என்னை மறித்து, “பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ரியூசனோ?” என்று கேட்டார். ஊர்க்காதில் அந்தச் சொல் இன்னும் வகுப்பறையை விட்டு வெளியே வரவில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘ஒப்பார் குழு’ என்று கண்டிருக்கிறேன். ஒத்தவர், ஒப்பானவர் என்று பொருள். வேரைப் பார்த்தால் இலத்தீனின் ‘பார்’ என்பதற்கு இதைவிட நெருங்கிய தமிழ் இல்லை. ஆனால் இலக்கணப்படி ஒப்பார் என்றால் உடன்படமாட்டார் என்றும் ஆகும். யாழ்ப்பாணக் காதுக்கு இன்னொரு சொல்லும் உடனே கேட்கிறது: ஒப்பாரி. அந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

“மக்களே போல்வர் கயவர் அவரன்ன / ஒப்பாரி யாங்கண்ட தில்” என்பது 1071 ஆம் குறள். இங்கே ஒப்பாரி என்றால் அழுகை இல்லை, ஒப்புமை. பிணத்தருகே பாடும் பாட்டுக்கு அந்தப் பெயர் பின்னால் வந்தது. எங்கள் ஊரில் அதை ‘ஒப்புச் சொல்லி அழுதல்’ என்றும் சொல்வார்கள். செத்தவீட்டில் ஒருத்தி உள்ளே வருவாள், இருப்பவளைத் தோளோடு கட்டிக்கொள்வாள், இருவரும் அழுவார்கள். வந்தவள் சொல்லும் ஒப்பில் நடுவே அவளுடைய சொந்தப் பிள்ளையின் பெயரும் வந்துவிடும், பத்து வருடத்துக்கு முன் இறந்த கணவனின் பெயரும் வந்துவிடும். யாரும் அதைத் தவறாக எடுப்பதில்லை. உன் துயரம் போல ஒன்று என்னிடமும் இருக்கிறது என்று சொல்லாமல் ஒருத்தியை எப்படித் தேற்றுவது? நிகரானவர் நிகரானவரைத் தாங்கும் முறை நம் பெண்களிடம் பறையொலியின் நடுவே இருந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் அறிவித்தல் பலகையில் ஒப்பார் என்று எழுத மனம் வரவில்லை. உயிரோடு எழுந்து வருகிறவர்களை அழைக்கும் சொல்லில் செத்தவீட்டின் வாடை வேண்டாம்.

‘ஆதரவு’ நல்ல சொல்தான். ஆதரம் என்ற வடசொல்லின் வழி வந்தது; மதிப்பு, அன்பு என்பன மூலப்பொருள். ஆனால் ஆழிப்பேரலைக்குப் பின்னும் 2009 இல் போர் முடிந்த பின்னும் எத்தனை பதாகைகளில் ‘உளசமூக ஆதரவு’ என்று வாசித்துவிட்டோம். திட்டம் முடிந்தால் ஆதரவும் முடிந்தது. ஆதரவற்றோர், ஆதரவு நிதி, கட்சிக்கு ஆதரவு என்று அந்தச் சொல் கொடுப்பவரையும் வாங்குபவரையும் தனித்தனியே நிறுத்திவிட்டது. நாம் தேடும் சொல்லில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும்.

ஆலோசனை கூறும் தொழிலுக்கு யாழ்ப்பாணத்தில் ‘உளவளத்துணை’ என்று சொல்கிறோம். எவ்வளவு அழகான சொல்! 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் செய்து, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் காலத்திலிருந்து இந்த மண்ணில் மருத்துவத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் பழக்கம் இருக்கிறது. உளவளத்துணை அந்த மரபின் பிள்ளை. என் தேடலுக்கு வேண்டியது அதன் கடைசிப் பாதியில் இருந்தது.

துணை என்றால் உதவி என்றுதான் இன்று முதலில் தோன்றும். அகராதியைத் திறந்தால் இணை, இரட்டை, ஒப்பு, அளவு என்ற பொருள்களும் நிற்கின்றன. தினைத்துணை என்றால் தினையளவு. நிகர் என்ற பொருளும் சோடி என்ற பொருளும் தாங்குதல் என்ற பொருளும் ஒரே சொல்லில். இலத்தீனில் இரண்டு வேராக இருந்ததைத் தமிழ் ஒரு வேரில் வைத்திருக்கிறது. இதைக் கண்ட அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அகராதியை விட்டு முற்றத்துக்கு வாருங்கள். வீட்டில் ஆண்கள் இல்லாத இரவில் அயல்வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு வரும். ‘துணைக்குப் படுக்க’ வந்திருக்கிறது என்போம். அந்தப் பிள்ளை கள்ளனைப் பிடிக்கப்போவதில்லை. ஒரு வேலையும் செய்யாது. படுத்து உறங்கும். ஆனால் அந்த வீட்டில் விளக்கை அணைக்கலாம். இதுதான் துணை. வாசிகசாலை விறாந்தையில் அந்த ஏழெட்டுப் பேர் ஒருவருக்கொருவர் செய்வதும் இதையே.

சரி, யாருடைய துணை? நோயாளர் என்று எழுதினால் வருகிறவர்களை மீண்டும் கட்டிலில் கிடத்துவதாகும். எங்கள் பேச்சில் நோய்க்கு ‘வருத்தம்’ என்று பெயர்: சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம். மனத்தில் வரும் நோய்க்கு மட்டும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. மனவருத்தம் என்றால் வெறும் கவலையாகிவிடும். அதற்குக் கிடைத்தது ‘விசர்’ என்ற வசவு. மனநல மருத்துவமனை இருப்பதால் அங்கொடை என்ற ஓர் ஊரின் பெயரைக்கூட வசவாக்கி வைத்திருக்கிறோம். சுகமானவரைத் ‘தெளிந்துவிட்டது’ என்பார்கள். கலங்கிய நீர் தெளிவது போல என்ற அந்த உவமை அழகானது; ஆனால் ஒரு நாளில் தெளிந்து முடிந்துவிடும் என்ற எண்ணத்தையும் தருகிறது.

‘மீள்’ என்ற வினை அப்படியில்லை, அதிலும் யாழ்ப்பாணத்தில். 1995 இல் போரால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்ததை நாங்கள் மறக்கவில்லை. மீள்குடியேற்றம் என்ற சொல்லை எங்கள் பாட்டிமாரும் அறிவார்கள். திரும்பி வந்தவுடன் வீடு வீடாகிவிடவில்லை. பற்றை வெட்டினோம், கிணறு இறைத்தோம், ஓடில்லாத கூரைக்குத் தறப்பாள் கட்டினோம். முதலில் ஓர் அறை, பிறகு குசினி. சிலர் ஒரு மழைக்காலத்தில் மறுபடியும் உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். மனநோயிலிருந்து மீள்வதும் இப்படித்தான் நடக்கிறது என்று தச்சர் சொன்னார். முதலில் நித்திரை திரும்பியது, பிறகு பசி, நான்கு வருடம் கழித்து உளியைக் கையில் எடுத்தார்.

ஆகவே மீண்டோர் என்று இறந்தகாலத்தில் எழுதாமல் ‘மீள்வோர்’ என்று எழுதினேன். மீண்டோர் என்றால் முடிந்துவிட்டது. இன்னும் குளிசை எடுப்பவர் தனக்கு அங்கே இடமில்லை என்று நினைப்பார். மீள்வோர் என்றால் நேற்றும் இன்றும் நாளையும் அதில் அடங்கும். உடன் இருப்பவரைக் குறிக்க ‘துணையாளர்’ என்று சொல்லலாம். துணைவர் வேண்டாம், அது கணவன் மனைவியைக் குறிக்கும். அவர் கொண்டுவரும் அறிவுக்குப் ‘பட்டறிவு’ என்ற பழைய சொல்லே போதும். பட்டறி, கெட்டறி, பத்தெட்டு இறுத்தறி என்று பழமொழியே அதற்குச் சான்று.

புதிய அறிவித்தல் இப்படி முடிந்தது: ‘மீள்வோர் துணை. மாதத்தின் முதற் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. தேத்தண்ணீர் உண்டு.’ கடைசி வரி தச்சர் சேர்த்தது.

போன மாதம் சனிக்கிழமை அவர் என் படலையைத் தாண்டிச் சைக்கிளில் போனார். எங்கே என்று கேட்டேன். காலை ஊன்றி நின்று, “துணைக்குப் போகிறேன்” என்றார். இரண்டு மாதமாக ஒரு பொடியன் வாசிகசாலை மதிலுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறானாம். இன்றைக்கு அவனோடு மதிலுக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று இருக்கிறாராம்.